பிரைடி மெல்லட்டுக்கு மூன்று அழைப்புகள்

பிறர் பெயரைச் சொல்வதே என் பிழைப்பாக இருந்தது. நியூ ஜெர்சியில், டர்ன்பைக் நெடுஞ்சாலையிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு மருத்துவமனையின் தொலைபேசி அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் அமர்ந்து, மருத்துவர், செவிலியர், காவலர், தச்சர் என்று எல்லோரையும் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்தேன். விடியலில் எழுந்து நீறணிந்து பதிகம் ஓதி இறைவன் பெயரைச் சொல்லும் நாவு, எட்டு மணிக்கு மேல் எலும்பு மருத்துவர் பெயரைச் சொல்லும். இரண்டையும் ஒரே நாவுக்கு வைத்தவன் அவன்தான் என்பதால் நான் குறை சொன்னதில்லை.

இந்த ஆண்டு அந்த மருத்துவமனையில் ஒலிபெருக்கி அழைப்பை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு தொலைபேசி வந்துவிட்டது. அந்தச் செய்தியைச் சொல்ல என்னை அழைத்தவள் உமா. ஐந்தாம் மாடியில் பிசியோதெரபிஸ்ட்; சென்னைப் பெண். "அங்கிள், புதுசா வந்தவங்க கிட்ட பிரைடி கதையைச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. நான் கலர் குடுக்கறேன்னு நினைக்கறாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க," என்றாள். நம் சங்க மலருக்கும் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். ஆகவே எழுதுகிறேன்.

சென்னைத் தொலைபேசி நிலையத்தில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கு வந்தேன். அந்த அனுபவம் இங்கு முதல் நாள் காலை பத்து மணிவரை மட்டுமே உதவியது. பத்து மணிக்கு என் மேலதிகாரி பெக் அம்மையார் ஒரு கோப்பைத் தேநீருடன் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். முழுப்பெயர் மிஸஸ் பெக் ஹேன்லன். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ என்னும் பகுதியில் பிறந்தவர். ஒடிசலான உருவம், வெள்ளைத் தலை, எப்போதும் பச்சைக் கம்பளிச் சட்டை. அவர் பேசியது ஊர் வாடை மாறாத ஆங்கிலம். என் காதில் அது விழுந்த விதத்தில் நம் பேச்சாக எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். தேநீர்க் கோப்பையை விளிம்புவரை நிரப்பி, வாய்க்கு நான்கு விரற்கடை முன்னால் பிடித்துக்கொண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். தேநீர் அசையக் கூடாது. அசைந்தால் ஒலிவாங்கியில் அந்த மூச்சு இடிபோல் விழும்; நோயாளிகள் துள்ளுவார்கள். 'ப' வரும் பெயர்களில்தான் எல்லோரும் தோற்பார்கள். வெள்ளைக்காரர் 'பீட்டர் பாட்டர்சன்' என்று சொன்னால் பாதித் தேநீர் சட்டையில் இருக்கும்.

நான் சொன்னேன். தேநீர் அசையவில்லை. வேறு பெயர் கொடுத்தார். அசையவில்லை. கோப்பையை வாங்கி, உண்மையில் தேநீர்தானா என்று பார்த்துக்கொண்டார். நம் வாய்க்கு 'ப' சொல்லும்போது காற்று வெளியே பாய்வதில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? "இருபது வருஷத்துல முதல் தடவையா பாஸ் பண்ணின ஆள் நீங்க, நாதன்," என்றார். வைத்தியநாதன் என்னும் என் பெயரின் முன்பாதி அன்றே கழன்றுவிட்டது.

என் குற்றம் வேறிடத்தில் இருந்தது. ஓதிப் பழகிய குரல் நெடிலைக் கண்டால் நின்றுவிடும். 'டாக்டர் ஆண்டர்சன்' என்னும் பெயரின் முதல் எழுத்தில் நான் ஏறி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகே அடுத்த எழுத்துக்கு வருவேன். இரண்டாம் நாள் இதய சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவர் பேசினார்: யாரோ கோயிலில் பாடுவது ஒலிபெருக்கியில் வருகிறது, சரிபார்க்கவும். பெக் அம்மையார் சிரிக்கவில்லை. "நாதன், அவர் வந்து சேர்றதுக்கு முன்னால நீங்க அவர் பேரை முடிச்சாகணும்," என்றார். பிறகு அறைக்கு வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். கதவு மெல்லியது.

அவருடைய நடைமுறைகள் சிலவே, ஆனால் அசையாதவை. முழுப்பெயர், பணி, தொடர்பு கொள்ள வேண்டிய இடம் இவை மட்டும் சொல்ல வேண்டும். 'அவசரம்' என்னும் சொல் கூடாது. பதில் இல்லையெனில் இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை அழைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சொன்ன ஒவ்வொன்றையும், சொன்ன நேரத்தையும், பதில் வந்ததா என்பதையும் பதிவுத்தாளில் எழுத வேண்டும். 'வாயில வந்தது கையில வரணும்' என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிபெருக்கி மூன்று காரியங்களுக்கு மட்டும்: ஆபத்து, ஊழியர் அழைப்பு, வழிதவறிய பார்வையாளர். ஒருமுறை நிர்வாகக் குழுத் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்படி மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. "அவர் தொலைஞ்சு போயிருந்தா சொல்லுங்க, கூப்பிடறேன்," என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆனால் அவரே ஆண்டுதோறும் செப்டம்பரில் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவார். ஒரு பெயரை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்ல அனுமதி வேண்டும் என்று. ஆண்டுதோறும் பணிவான மறுப்பு வரும். மூன்று காரியங்களில் அது அடங்காது என்று அவருடைய விதியையே அவருக்கு எடுத்துக் காட்டுவார்கள். அவரும் சரியென்று தாளை மடித்து வைத்துவிடுவார். சொல்லும் பொறி அவர் கையிலேயே இருந்தது. ஒருநாளும் அதைத் தொடவில்லை.

அந்தப் பெயர் பிரைடி மெல்லட். பெக் அம்மையாரின் மூத்த சகோதரி; மெல்லட் என்பது அவர்கள் பிறந்த வீட்டுப் பெயர். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பதினெட்டு வயதில் வேலை தேடி இலண்டனுக்குப் போய், ஒரு மருத்துவமனையில் வார்டு பணிப்பெண்ணாகச் சேர்ந்தாள். உணவுத் தட்டு எடுப்பது, துணி மாற்றுவது, தரை துடைப்பது. பதினோராம் நாள் வானிலிருந்து குண்டு விழுந்து அந்தக் கட்டடத்தின் ஒரு பக்கம் இல்லாமல் போயிற்று. பிரைடியும் போனாள். புதிதாக வந்தவர்களை இரண்டு வாரம் கழித்தே பதிவேட்டில் ஏற்றுவது அங்கே வழக்கமாம். ஆகவே இறந்த பணியாளரின் பெயர்களைக் கல்லில் வெட்டியபோது அவள் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்த கடிதத்தில், அவர் அன்று பணியில் இருந்ததற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை, நகரில் வேறெங்கோ இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது.

அந்த 'வேறெங்கோ'வை ஊர் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நடனக் கூடத்துக்குப் போன பெண் என்று பேச்சு கிளம்பியது. பெக் அம்மையாருக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அவரைப் பார்த்து ஆடிக் காட்டுவார்களாம். "அவ செத்ததைக் கூட மன்னிச்சுட்டாங்க, நாதன். ஆடினதைத்தான் மன்னிக்கல. அதுலயும் அவளுக்கு ஆடவே தெரியாது, எருமை மாதிரி கால் போடுவா," என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தபடியே, அந்த மருத்துவமனைக்கு நான்கு முறை எழுதியதையும் நான்கு முறையும் அதே பதில் வந்ததையும் சொல்வார்.

ஆண்டுதோறும் பிரைடி இறந்த நாளில் அவர் உலர்பழம் போட்ட ரொட்டி சுட்டுவந்து தொலைபேசி அறையில் வைப்பார். காரணம் தெரிந்த ஆண்டிலிருந்து நான் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். எங்கள் மரபில் அடியார் இறைவனைச் சேர்ந்த நாள் அழும் நாள் அன்று, அன்னமிட்டுக் கொண்டாடும் நாள் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் எங்க ஆளுங்கதான். எங்க ஊர்ல சாவு வீட்டுல சிரிக்காம வந்தா மரியாதை இல்லேன்னு அர்த்தம்," என்றார். அடித்தளத்தில் சன்னலற்ற அறை. ஒரு பக்கம் நெய் மணம், ஒரு பக்கம் இலவங்கப்பட்டை மணம். தரை துடைத்த பெண்ணும் அடியார்தான் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

இனி நடந்ததற்கு வருகிறேன். 2004ஆம் ஆண்டு. பெக் அம்மையார் ஓய்வு பெறும் வாரம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்; அதற்கு முந்திய வியாழன் பிரைடியின் நாள். அந்த ஆண்டும் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. இனி விண்ணப்பிக்க அவர் இருக்கப்போவதில்லை.

காலை பதினொரு மணிக்கு ஓய்வுக் கையெழுத்துகள் போட அவர் மேல்மாடிக்குப் போனார். நான் தனியாக இருந்தேன். பொங்கல் கிண்ணம் திறந்திருந்தது. அடியார் நாளில் அன்னம் வைத்தால் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும். அழைக்காமல் இலை போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஒலிபெருக்கி மூன்று காரியங்களுக்கு. அதில் ஒன்று ஊழியர் அழைப்பு. அவள் ஊழியர் இல்லையென்று யார் சொன்னார்கள்? ஒரு பதிவேடு சொன்னது. நான் ஒலிவாங்கியை இழுத்தேன்.

"பிரைடி மெல்லட், வார்டு பணியாளர். தொலைபேசி அறையைத் தொடர்பு கொள்ளவும்."

இரண்டு நிமிடம். மீண்டும். இரண்டு நிமிடம். மூன்றாம் முறை நெடிலில் சற்று நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு பழக்கத்தின்படி பேனாவை எடுத்து, 11.10, 11.12, 11.14, பிரைடி மெல்லட், பதில் இல்லை என்று பதிவுத்தாளில் எழுதினேன். அறுபதைத் தாண்டியவன், இருபத்தொரு வயதுக் குறும்பைச் செய்துவிட்டு, அதற்குச் சான்றும் எழுதிவைத்தேன். பதிவுத்தாளின் நகல் பதினொன்றேகாலுக்கு நிர்வாகத்துக்குப் போகும் என்பது, சிப்பந்தி வந்து அதைக் கிழித்துக்கொண்டு போன பிறகே நினைவுக்கு வந்தது.

அந்த ஆண்டு துணை நிர்வாகியாக வந்தவர் மிஸ்டர் க்ரெய்க். முப்பத்தைந்து வயது, கையில் எப்போதும் தாள் செருகிய ஓர் அட்டைப்பலகை. பதில் வராத ஒவ்வோர் அழைப்பையும் விசாரிப்பது என்று அவர் புதிதாகத் தொடங்கியிருந்தார். பதில் சொல்லாதவர் அன்று பணியில் இருந்தாரா, எங்கே இருந்தார், பார்த்தவர் யார் என்று ஒரு படிவம். மருத்துவமனை முழுவதும் அந்தப் படிவத்துக்கு நடுங்கியது.

பெக் அம்மையார் திரும்பி வந்தார். மேல்மாடி நடையில் முதல் அழைப்பைக் கேட்டதும் அங்கிருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். ஒரு தாதி ஓடிவந்து நாடி பிடித்துப் பார்த்திருக்கிறாள்.

"விதியை மீறிவிட்டேனா?" என்றேன்.

"ஊழியர் அழைப்புதானே. விதியில இருக்கு," என்றார். அதற்குள் மணி அடித்தது.

சமையற்கூடத்திலிருந்து காதர் பாய். கீழக்கரைக்காரர், உணவுப் பிரிவின் மேற்பார்வையாளர். "அண்ணே, யாருண்ணே அந்தப் பிரைடி? க்ரெய்க் தொரை போன் போட்டு எங்கேன்னு கேட்டாரு. ட்ரேயத் தூக்கிக்கிட்டு அஞ்சாவது மாடிக்குப் போயிருக்குன்னு சொல்லிட்டேன். யாரும் கேட்டா கிச்சன்லதான் இருந்தேன்னு அந்தப் புள்ளயச் சொல்லச் சொல்லுங்க."

"ஏன் பாய் அப்படிச் சொன்னீர்கள்?"

"பின்ன என்னண்ணே, தெரியாதுன்னு சொல்லி அது பொழப்புல மண்ணள்ளிப் போடவா?"

வைத்ததும் உமா. "அங்கிள், பிரைடின்னு யாராவது புதுசா ஜாயின் பண்ணியிருக்காங்களா? க்ரெய்க் கால் பண்ணினார். லினன் எடுத்துட்டு லாண்டரிக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். பாவம், ஏஜென்சி பொண்ணா இருக்கும்."

"நீ பார்த்தாயா அம்மா?"

"பார்த்த மாதிரிதான் அங்கிள் இருந்துது."

பெக் அம்மையார் என் தோள்மேல் கையை ஊன்றிக்கொண்டார். சலவைப் பிரிவு அழைத்தது: வந்து மூட்டையை இறக்கி வைத்தாள், நல்ல பெண், நின்று அரட்டை அடிப்பதில்லை, இப்போதுதான் எக்ஸ்ரே பக்கம் போனாள். எக்ஸ்ரே அழைத்தது: ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். வாசற்காவலர் அழைத்தார். அவர் எல்லோரையும் விஞ்சினார்: காலை ஏழு மணிக்கு அந்தப் பெண் உள்ளே வந்தபோது நான்தான் வணக்கம் சொன்னேன், மழைக்கோட்டு போட்டிருந்தாள்.

"இப்ப எங்க இருக்கா?" என்று பெக் அம்மையார் ஒவ்வொரு மணிக்கும் கேட்பார். "வாசலில்," என்பேன். "ஒரு நிமிஷம் உட்கார மாட்டாளே," என்று கண்ணைத் துடைப்பார். நான் சிரிப்பில் ஒரு நரம்பியல் மருத்துவரின் அழைப்பைப் பிரசவ வார்டுக்குத் திருப்பிவிட்டேன். இருபத்திரண்டு ஆண்டில் அந்த ஒரு தவறுக்கு மட்டும் நான் வருந்தவில்லை. பிரைடி அன்று அந்தக் கட்டடத்தின் ஏழு மாடியிலும் இருந்தாள். எந்த மாடியில் கேட்டாலும் அப்போதுதான் அடுத்த மாடிக்குப் போயிருந்தாள்.

மாலையில் சிரிப்பு அடங்கிற்று. ஐந்து பேரும் சொன்னதை க்ரெய்க் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. ஏஜென்சி வழியே நாட்கணக்குக்கு வரும் பணியாளர்களின் பட்டியல் யாரிடமும் முழுதாக இல்லை; அதனால் அப்படியொருத்தி இல்லையென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தால், பொய்யில் கையெழுத்திட்ட ஐந்து பேரின் வேலையும் போகும். என் ஓய்வுக்கு இன்னும் மூன்றாண்டு இருந்தது. மனைவியின் மருத்துவக் காப்பீடும் அந்த வேலையோடு கட்டப்பட்டது. ஆனால் விளையாடியவன் நான்; காதர் பாயும் உமாவும் அதற்கு விலை கொடுக்கக் கூடாது.

மறுநாள் காலை நீறு பூசிக்கொண்டு நேரே க்ரெய்க் அறைக்குப் போனேன். படிவம் மேசைமேல் இருந்தது, நிரப்பி முடித்திருந்தார். "கண்டுபிடிச்சுட்டேன், மிஸ்டர் நாதன். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. ஒரு இடத்துல நிக்கவிடாம வேலை வாங்கியிருக்கோம். ஒரு பேஜர் குடுத்தா சரியாயிடும்," என்றார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு நாள் வேலையை, கல்லை, கடிதத்தை, நடனக் கூடத்தை. ஐந்து பேரும் ஒரு சக ஊழியரைக் காப்பாற்ற நினைத்தார்களே தவிர வேறில்லை, எழுதவேண்டிய பெயர் என்னுடையது என்றேன்.

அவர் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒரு நாள் முழுக்க நான் துரத்தினேன்," என்றார். "எல்லாரும் பார்த்திருக்காங்க. நான் மட்டும்தான் பார்க்கல." பிறகு பேனாவை எடுத்தார். கிழிக்கப் போகிறார் அல்லது கோடு போட்டு அடிக்கப் போகிறார் என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் தொலைபேசி அறையில் கேக் வெட்டினோம். காதர் பாய், உமா, சலவைப் பிரிவுப் பெண், எக்ஸ்ரேக்காரர், வாசற்காவலர் எல்லோரும் வந்திருந்தார்கள். க்ரெய்க் அட்டைப்பலகையுடன் நுழைந்ததும் ஐவர் முகமும் வெளுத்தது. உமா என் பின்னால் நின்றுகொண்டாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தாள்களைப் பெக் அம்மையாரிடம் நீட்டி, "உங்க ஆபீஸ் விசாரணை. போறதுக்கு முன்னால நீங்கதான் வாங்கிக்கணும்," என்றார்.

பெக் அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். ஐந்து சாட்சியங்கள். மழைக்கோட்டு வந்தபோது காவலர் கூரையைப் பார்த்தார். அடுத்தது படிவம். பெயர், பிரைடி மெல்லட். பதவி, வார்டு பணியாளர். பணியில் இருந்தாரா என்னும் கேள்விக்கு எதிரே, ஆம். பதில் வராத காரணம், வேலையில் ஈடுபட்டிருந்தார். அடியில் க்ரெய்க் தம் கையால் எழுதியிருந்தது: போர்க்காலத்தில் இலண்டன் மருத்துவமனையில் பணியின்போது உயிர் நீத்தவர், அழைத்தபோது எங்கள் ஊழியர் ஐவர் அவருக்காகப் பதில் சொன்னார்கள். கீழே கையெழுத்து, மருத்துவமனை முத்திரை.

காதர் பாய்க்குத்தான் முதலில் விளங்கியது. "அல்லா," என்று மெல்லச் சொல்லி நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "அப்ப ட்ரேயத் தூக்கிக்கிட்டுப் போனது அதானா."

பெக் அம்மையார் அழுவார் என்று கேக் வெட்டிய கத்தியைக்கூட ஒதுக்கி வைத்தேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஊர்ப் பெயர்கள், குடும்பப் பெயர்கள். ஒன்றுக்கு இரண்டாவது முறை விரல் மடக்கினார்.

"நாதன், இதுக்கு நகல் வேணும். டான்ஸ் ஹால்னு சொன்ன வீட்டுல இன்னும் பதினொண்ணு எங்க ஊர்ல இருக்கு. கதையைக் கிளப்பினவ தொண்ணூறு வயசுல திடமா உட்கார்ந்திருக்கா. அவளுக்கு ரெண்டா அனுப்பணும், ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லுவா."

நாங்கள் எட்டுப் பேரும் நகல் இயந்திரம் இருந்த அறைக்கு ஊர்வலமாகப் போனோம். மிஸ்டர் க்ரெய்க் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு தாமே தாளை அடுக்கினார். பன்னிரண்டு போட்டோம். இயந்திரத்தின் ஒவ்வொரு ஒளிவீச்சுக்கும் பெக் அம்மையார் ஒரு வீட்டின் பெயரைச் சொன்னார். நாங்கள் தாளை உறையில் இட்டோம்.